பெரியப்பாவின் மோரிஸ் மைனரை எடுக்கலாமா?

தம்பி, நீங்கள் கேட்டதை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில், நம் பினாங்கு மாநிலத்து நிபோங் திபாலில் பெரியப்பா வீட்டுப் போர்ச்சில் 1964ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் கார் ஒன்று ஆறு வருடமாகத் தார்ப்பாய்க்குள் நிற்கிறது. பெரியப்பா காலமாகிவிட்டார். பெரியம்மா, "8,000 வெள்ளி கொடுத்துட்டு நீயே எடுத்துக்கய்யா" என்கிறார் (வெள்ளி என்றால் ரிங்கிட்). நீங்கள் இருப்பது சுங்கை ஆரா அடுக்குமாடியில், வேலை பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில். தினமும் அதில் வேலைக்குப் போகலாமா, மொத்தம் எவ்வளவு செலவாகும், பின்னாளில் விற்றால் லாபம் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் கேள்விக்குப் பதில்: வேண்டாம். மூன்றாவதுக்கு: வராது. நடுவில் இருக்கிற செலவுக் கணக்குதான் பெரிய கதை.

நானும் ஒரு மைனர் வைத்திருக்கிறேன். 1965ஆம் ஆண்டு வண்டி, நான்கு கதவு, 2006இல் தைப்பிங்கில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் 6,500 வெள்ளிக்கு வாங்கினேன். வாங்கிய நாளிலிருந்து ஒரு திருகாணி வாங்கினாலும் 555 புத்தகத்தில் எழுதிவைக்கிறேன். மளிகைக் கடைக் கடனை நம் அம்மாமார் எழுதிவைத்த அதே குட்டிப் புத்தகம்தான். இப்போது ஓடுவது நான்காவது புத்தகம். நான்கும் காரின் டேஷ்போர்டு தட்டில்தான் கிடக்கின்றன, வீட்டுக்குள் கொண்டு போவதில்லை. காரணம் கல்யாணம் ஆனவர்களுக்குப் புரியும்.

முதல் இரண்டு வருடத்தில் நான் செலவழித்தது, வாங்கிய விலை சேர்க்காமல், 18,350 வெள்ளி. அதில் 3,500 வெள்ளி சுத்தமாக வீண். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் நீங்கள் பார்க்க வேண்டியது காரையே அல்ல, காகிதத்தை.

கிராண்ட், அதாவது வண்டியின் உரிமைப் பத்திரம், யார் பெயரில் இருக்கிறது? பெரியப்பா பெயரில்தான் இருக்கும். அப்படியென்றால் பெரியம்மா கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட முடியாது. இறந்தவர் பெயரில் உள்ள வாகனத்தை மாற்ற அமானா ராயா (இறந்தவர் சொத்தைக் கவனிக்கிற அரசு அறங்காவல் நிறுவனம்), நீதிமன்றம் போன்ற இடம் ஒன்றில் உத்தரவு வாங்க வேண்டும். வீடு, நிலம் எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்த வேலை ஏற்கெனவே முடிந்திருந்தால் அதில் காரும் இருக்கிறதா என்று பாருங்கள். பல குடும்பங்களில் காரை மறந்துவிடுவார்கள், அது ஓடாமல் நிற்கிறது என்பதால். ஆறு வருடமாகச் சாலை வரி கட்டாத வண்டி என்பதால், பணம் கைமாறுவதற்கு முன்னாலேயே கிராண்டின் நகலை எடுத்துக்கொண்டு சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜே கவுண்டருக்குப் போய், பதிவு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். பதிவு செத்துப்போன கார் வெறும் தகடு. அதற்கு 8,000 அல்ல, 800கூட அதிகம்.

அப்புறம் எஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பர். பெயர் மாற்றத்துக்கு முன் பரிசோதனைக்குக் கொண்டுபோகும்போது இரண்டையும் கிராண்டோடு ஒத்துப் பார்ப்பார்கள். நம் நாட்டில் ஏகப்பட்ட மைனர்களில் பழைய எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு டட்சன் எஞ்சினைப் போட்டிருக்கிறார்கள். ஓட்டுவதற்கு அது நன்றாகவே இருக்கும், ஐந்து கியர்கூட வந்துவிடும். ஆனால் அந்த மாற்றம் கிராண்டில் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் பழைய வாத்தியார் மாதிரி அலைய விடுவார்கள்.

காகிதம் சரி என்றால் துருவுக்கு வருவோம். இதைத்தான் நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய காரைக் கொல்வது துரு ஒன்றுதான். எஞ்சின் போனால் எஞ்சின் செய்யலாம். கியர்பாக்ஸ் போனால் மாற்றலாம். மைனருக்குத் தனியாகச் சேசிஸ் சட்டகம் கிடையாது, உடம்புத் தகடுதான் எலும்பும். கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடுகிற பெட்டி, முன் சீட்டுக்கு அடியில் குறுக்கே போகிற பெட்டி, பின்னால் லீஃப் ஸ்பிரிங் தொங்குகிற இடம், இந்த மூன்றும் போய்விட்டால் வெளியே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அது கார் இல்லை.

குளிர் நாடுகளில் சாலையில் உப்புப் போடுகிறார்கள், அதனால் கார் துருப்பிடிக்கிறது, நமக்கு அந்தத் தொல்லை இல்லை என்று சிலர் சொல்வார்கள். பினாங்கில் உப்பு காற்றிலேயே வருகிறது. அதோடு மழை. கதவுக்குள் இறங்குகிற மழைத்தண்ணீர் வெளியேற அடியில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். அங்சானா மரத்தடியில் நிறுத்துகிற காரில் அந்த ஓட்டைகளைச் சருகும் மண்ணும் அடைத்துவிடும். தண்ணீர் உள்ளேயே நின்று தகட்டை உள்ளிருந்து அரிக்கும். வெளியே பெயிண்டில் கொப்புளம் தெரியும்போது உள்ளே கதை முடிந்திருக்கும். தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறோமே என்கிறீர்களா? தார்ப்பாய்தான் இன்னும் மோசம். தரையிலிருந்து ஏறுகிற ஈரத்துக்கு வெளியே போக வழியில்லாமல், உள்ளே ஆவி பிடிக்கிற மாதிரிதான் ஆறு வருடம்.

இப்போது அந்த 3,500 வெள்ளி. வாங்கிய புதிதில் ஒரு வொர்க்‌ஷாப்பில் விட்டேன். பெயர் வேண்டாம். எட்டு மாதம் வைத்திருந்து, பச்சை பெயிண்ட் அடித்து, கண்ணாடி மாதிரி மினுக்கிக் கொடுத்தார்கள். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை அடிவாரம் வரை ஓட்டிப்போய்ப் பூசைகூடப் போட்டேன். பதினான்கு மாதம் கழித்து ஒரு நாள் ஜாக்கி வைத்துத் தூக்கும்போது கார் ஏறவில்லை, ஜாக்கி மட்டும் உள்ளே ஏறியது. கதவுக்கடிப் பெட்டியில் தகடே இல்லை. துருவை வெட்டியெடுக்காமல், உள்ளே பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, மேலே புட்டி பூசி, அதன்மேல் பெயிண்ட். காகிதத்தை உருவி எடுத்தேன், சீனப் பத்திரிகை, கால்பந்துப் பக்கம். ஆள் வைத்து அடிக்கத் தோன்றியது. பிறகு ஜெலுத்தோங்கில் தகடு வேலை தெரிந்த ஒரு சீனப் பெரியவரிடம் போய், எல்லாவற்றையும் வெட்டியெறிந்து புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ததில் 7,200 வெள்ளி ஆனது. அந்த வேலை இன்றுவரை அசையவில்லை.

ஆகவே நிபோங் திபால் போகும்போது ஃபிரிட்ஜில் ஒட்டுகிற காந்தம் ஒன்றை எடுத்துப் போங்கள். மெல்லிய துணியில் சுற்றிக்கொண்டு கதவுக்கு அடியில், சக்கர வளைவில், விளக்கைச் சுற்றி ஒட்டிப் பாருங்கள். ஒட்டினால் தகடு. வழுக்கி விழுந்தால் புட்டி. உள்ளே தரை விரிப்பைத் தூக்கிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். சீட்டுக்கு அடியில் ஸ்குரூடிரைவரின் பின்பக்கத்தால் தட்டுங்கள். நல்ல தகடு டங் என்று பேசும், போன தகடு பொத்தென்று அடங்கும். பெரியம்மா தப்பாக நினைப்பாரோ என்று கூச்சப்படாதீர்கள். 8,000 வெள்ளி வாங்கிக்கொண்டு பிள்ளையைச் சிக்கலில் மாட்டிவிட அவருக்கும் மனம் வராது.

தகடு வேலைக்கு ஒரு ஆறுதல் உண்டு. மைனருக்கு இன்றும் புதுத் தகடு கிடைக்கிறது. 1948இல் வெளிவந்து 70களின் தொடக்கம் வரை 16 லட்சத்துக்கும் மேல் செய்த கார் அது. பத்து லட்சத்தைத் தொட்ட முதல் பிரிட்டிஷ் கார். இங்கிலாந்தில் அதற்கென்றே பாகம் விற்கிற கடைகள் இருக்கின்றன. 90களில் இலங்கையில் மைனருக்கான தகடுப் பாகங்களைக் கையால் அடித்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தார்கள். கொழும்பிலிருந்து பினாங்கு எவ்வளவு பக்கம், ஆனால் நமக்கு அது லண்டனைச் சுற்றித்தான் வந்தது!

அதை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ், பின்னால் மினி காரைச் செய்த அதே ஆள். மாதிரி வண்டி முடிந்த பிறகு, பார்க்க ஒல்லியாக இருக்கிறதே என்று தோன்றி, அதை நீளவாக்கில் இரண்டாக அறுத்து நான்கு அங்குலம் தள்ளி வைத்துப் பார்த்தாராம். அதுதான் சரியான அகலம் என்று முடிவானது. பானெட்டின் நடுவில் மேலிருந்து கீழ் வரை ஒரு தட்டையான பட்டை ஓடும், பாருங்கள். அது அந்த நான்கு அங்குலத்தின் தழும்பு. கம்பெனி முதலாளி நஃபீல்ட் பிரபுவுக்குக் காரைப் பிடிக்கவில்லை, உடைத்து ஊற்றித் தண்ணீரில் வேகவைத்த முட்டை மாதிரி இருக்கிறது என்றார். முட்டைதான் கடைசியில் கம்பெனிக்குச் சோறு போட்டது.

சரி, துருவுக்கு அடுத்து பிரேக்கும் முன் சக்கரமும். இவை இரண்டும் உயிர் விஷயம்.

ஆறு வருடம் நின்ற காரில் பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சிக் கெட்டிருக்கும், ரப்பர்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். நான்கு சக்கரத்து சிலிண்டர்களும், பிரேக் குழாய்களும், தரைக்கு அடியில் இருக்கிற மாஸ்டர் சிலிண்டரும் மாற்றாமல் தெருமுனைக்குக்கூட ஓட்டாதீர்கள். மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் கால்மாட்டில், தரைத் தகட்டுக்குக் கீழே ஒளிந்திருக்கும். எண்ணெய் ஊற்றுகிற மூடி விரிப்புக்கு அடியில். அதைக் கழற்ற வேண்டுமென்றால் அதன் போல்ட்டுக்குக் குறுக்கே ஸ்பிரிங்காக வேலை செய்கிற நீண்ட கம்பி நிற்கும், முதலில் அதைத் தளர்த்த வேண்டும். இதைத் தெரியாத ஃபோர்மன் (மெக்கானிக்) அரை நாள் திட்டிக்கொண்டே இருப்பார். கூலியும் அரை நாளுக்குத்தான் கேட்பார்.

முன் சக்கரத்தைத் தாங்குகிற தண்டுக்கு மேலும் கீழும் மரை வெட்டியிருக்கும். அது உட்காருகிற கட்டையை ட்ரனியன் என்பார்கள். சக்கரம் திரும்பும்போதெல்லாம் அந்த மரையில்தான் சுழல்கிறது. கிரீஸ் இருந்தால் வருடக்கணக்கில் ஓடும். இல்லாவிட்டால் மரை தேய்ந்து, ஒரு நாள் தண்டு கழன்று சக்கரம் மடங்கிப் படுத்துவிடும். மைனரை அறிந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பலவீனம் இது. பெரும்பாலும் மெதுவாகத் திருப்பும்போது, கார் பார்க்கில் நடக்கும் என்பது ஒரு கருணை.

அதனால்தான் என் ஞாயிற்றுக்கிழமைகள் கிரீஸில் போகின்றன. மாதம் ஒரு காலை, பசியாறுவதற்கு முன்னால், பழைய கைலியைக் கட்டிக்கொண்டு அடியில் படுத்துவிடுவேன். ஒவ்வொரு பக்கமும் கிரீஸ் ஏற்றுகிற நிப்பிள் மேலே ஒன்று, கீழே ஒன்று. துணியால் நிப்பிளைத் துடைக்காமல் கிரீஸ் கன்னை வைத்தால் மண்ணையும் சேர்த்து உள்ளே தள்ளுவோம், ஆகவே முதலில் துடைக்க வேண்டும். கன்னை நேராகப் பிடித்து அழுத்தினால் முதல் இரண்டு அழுத்தத்துக்கு ஒன்றும் நடக்காது. மூன்றாவதில் கை கனக்கும். நான்காவதில் இடுக்கிலிருந்து கறுப்புப் பழைய கிரீஸ் புழு மாதிரி நெளிந்து வரும். அது தேன் நிறத்துக்கு மாறுகிற வரை அழுத்திவிட்டு நிறுத்துவேன். இருபது நிமிட வேலை. ஒரு டப்பா கிரீஸ் ஒரு வருடத்துக்குத் தாராளம். ஒரு வருடம் இதைச் செய்யாமல் விட்டவர்களின் செலவு ஆயிரத்தில் தொடங்கும். பழைய காரில் காசு எங்கே போகிறது என்று கேட்டால், செய்யாமல் விட்ட இருபது நிமிடங்களில் போகிறது என்பதுதான் என் 555 புத்தகம் சொல்வது.

எஞ்சினைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். 1098 சிசி, 48 குதிரைசக்தி, ஒரே கார்புரேட்டர். பானெட்டைத் திறந்தால் நீங்கள் உள்ளே உட்கார்ந்து வேலை செய்கிற அளவுக்கு இடம் இருக்கும். என் எஞ்சினை முழுக்கப் பிரித்துச் செய்ததில் அன்றைக்கு 4,800 வெள்ளி ஆனது. ஈயம் கலந்த பெட்ரோல் இப்போது இல்லையே, வால்வு உட்காருகிற இடம் தேயுமே என்று பயமுறுத்துவார்கள். எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றுகிற நாளில் கடினமான வால்வு சீட் போடச் சொல்லிவிடுங்கள், அதுவரை ரோன்95 பெட்ரோல் ஊற்றி நிதானமாக ஓட்டினால் ஒன்றும் ஆகாது. ஒன்று மட்டும் கவனம்: சூடு. நம் ஊர் ஃபோர்மன்களுக்குப் பழைய கார் சூடாகிறது என்றாலே, எஞ்சின் தண்ணீரின் சூட்டைச் சீராக வைக்கிற தெர்மோஸ்டேட்டைக் கழற்றி எறிகிற பழக்கம் உண்டு. அது தலைவலிக்குத் தலையை எடுக்கிற வைத்தியம். சூட்டுக்குக் காரணம் ரேடியேட்டரிலும் எஞ்சின் தண்ணீர்ப் பாதையிலும் படிந்த சேறு. அதைச் சுத்தம் செய்யாமல் தெர்மோஸ்டேட்டை எடுத்தால் காலையில் எஞ்சின் சூடேறாமல் தேயும், மாலை ஜாமில் எப்படியும் கொதிக்கும்.

ஃபோர்மன் கிடைப்பதுதான் பாகம் கிடைப்பதைவிடக் கஷ்டம். கணினியைச் செருகிப் பார்த்துப் பழகிய பையன்களுக்கு, தீப்பொறியை நேரத்துக்கு விடுகிற பிளாட்டினம் பாயிண்டின் இடைவெளியைப் பிளேடால் அளக்கத் தெரியாது. தெரிந்தவர்களுக்கு எழுபது வயது. என்னுடைய ஆள் ஆயர் ஈத்தாமில் இருந்தார். அவர் கடையை மூடியபோது நான் இரண்டு வருடம் அவர் வீட்டுக்கே பழங்கள் வாங்கிக்கொண்டு போய்க் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டேன். நீங்களும் பாதி வேலையையாவது கையில் எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும். கூலி மிச்சம் என்பது ஒருபுறம் இருக்கட்டும், வேறு ஆள் இல்லை.

போன வருடக் கணக்கை அப்படியே தருகிறேன். சாலை வரி 55 வெள்ளி. இதில் நாம் ராஜா. 1000 சிசிக்குள் 20 வெள்ளி, 1200 சிசி வரை 55 வெள்ளி. பழைய மெர்சிடிஸ் 280 வைத்திருக்கிற என் மச்சான் வருடம் ஏறக்குறைய 1,500 வெள்ளி கட்டுகிறார், சிசி ஏற ஏற அப்படி. காப்புறுதி 640. அதற்குமுன் சந்தை விலைக்குக் காப்புறுதி போட்டிருந்தேன். அதில் ஆபத்து என்னவென்றால், கார் திருடு போனாலோ எரிந்தாலோ அன்றைய சந்தை விலை என்று அவர்கள் சொல்வதுதான் கிடைக்கும், அறுபது வருடக் காருக்கு யார் விலை சொல்வது? இப்போது முன்கூட்டியே இருவரும் ஒப்புக்கொண்ட தொகைக்குப் போட்டிருக்கிறேன். எல்லாக் கம்பெனியும் அதற்கு இறங்கி வராது, ஏஜெண்டை விடாமல் நச்சரிக்க வேண்டும். எஞ்சின் எண்ணெய் இரண்டு முறை, 280. பின் சக்கர பிரேக் சிலிண்டர்கள், இங்கிலாந்திலிருந்து தபால் செலவோடு 420. ரேடியேட்டர் உள்பாகம் மாற்றியது 550. ஓட்டுநர் சீட் தையல் 300. ஆகமொத்தம் 2,245 வெள்ளி, பெட்ரோல் நீங்கலாக. ஒன்றும் பெரிதாக உடையாத வருடம் அது.

உங்களுக்கு முதல் இரண்டு வருடத்தில் 8,000 போக இன்னும் 25,000 முதல் 30,000 வெள்ளி வரை போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் செலவழித்த காலத்து விலை இப்போது இல்லை. தகடு நல்லதாக இருந்தால் இதில் பாதி. விற்கும்போது போட்டது திரும்பாது. முதலீடு என்று யாராவது உங்களிடம் சொன்னால், அவர் கையில் விற்பதற்கு ஒரு கார் இருக்கிறது என்று அர்த்தம்.

தினசரி ஓட்டுவதற்கு ஏன் வேண்டாம் என்கிறேன்? ஏர்கான் இல்லை, அதைக்கூடப் பழகிக்கொள்ளலாம், முன் கண்ணாடிக்குப் பக்கத்து முக்கோண ஜன்னலைத் திருப்பி வைத்தால் காற்று நேராக மார்பில் அடிக்கும். பிரேக் நான்கும் டிரம். முன்னால் போகிற மைவி கார் சட்டென்று நிற்கும், நீங்கள் நிற்க மாட்டீர்கள். மழையில் டிரம்முக்குள் தண்ணீர் போனால் முதல் மிதிக்கு ஒன்றுமே நடக்காது. காலை ஏழரை மணிக்குப் பாயான் லெப்பாஸ் ஜாமில் இந்தக் காரை வைத்துக்கொண்டு நேரத்துக்கு கார்டு அடிக்க வேண்டும் என்ற பதற்றம் சேர்ந்தால், ஆறு மாதத்தில் நீங்கள் காரை வெறுத்துவிடுவீர்கள். வேலைக்கு மோட்டார் சைக்கிளிலோ வேறு காரிலோ போங்கள். இதை வாரம் ஒருமுறையாவது 30 கிலோமீட்டர் ஓட்டுங்கள். ஓட்டாமல் நிறுத்தினாலும் சாகும், இதைப் பெரியப்பாவின் காரே காட்டும்.

அப்புறம் அடுக்குமாடி. உங்களுக்குக் கூரையுள்ள பார்க்கிங் இருக்கிறதா? திறந்தவெளி என்றால் யோசியுங்கள். தரைமட்டப் பார்க்கிங் என்றால் வெள்ளம் வருகிற இடமா என்றும் கேளுங்கள். 2017 நவம்பர் வெள்ளத்தன்று நள்ளிரவில் நானும் பக்கத்து வீட்டு மலாய்க்காரரும் முட்டளவு தண்ணீரில் நின்று காரின் நான்கு மூலையையும் செங்கல்மேல் ஏற்றினோம். தண்ணீர் தரைத் தகட்டைத் தொட்டுவிட்டு நின்றது. அவருடைய புதுக்கார் போனது, எலெக்ட்ரானிக்ஸ் எல்லாம் குளித்துவிட்டன. மைனர் மூன்று நாள் வெயிலில் காய்ந்து எழுந்துகொண்டது. அதைச் சொல்லி இன்றும் அவர் என்னைக் கிண்டல் செய்வார்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஏன் இன்னும் வைத்திருக்கிறாய் என்று கேட்பீர்கள்.

என் அப்பா சுங்கை பாக்காப் பக்கம் தோட்டத்தில் சின்னக் கிராணி, அதாவது குமாஸ்தா. மைனர் வைத்திருந்தது அவர் இல்லை, பெரிய கிராணி. சாம்பல் நிறம். மழைக்காலத்தில் செம்மண்ணில் மாட்டிக்கொள்ளும்போது லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பிள்ளைகள் எல்லோரும் ஓடிப்போய்த் தள்ளுவோம். தள்ளியதற்குக் கூலி, ரோட்டு முனைவரை பின் சீட்டில் சவாரி. அந்த சீட்டுக்கு ஒரு வாடை உண்டு: தோல், பெட்ரோல், ஈரச் சாக்கு. 2006இல் தைப்பிங்கில் அந்த ஆசிரியர் கதவைத் திறந்தபோது அதே வாடை வந்தது. நான் விலை பேசவே இல்லை. பேசியிருந்தால் 5,000க்கு முடிந்திருக்கும் என்று அவரே பிறகு சொன்னார்.

அந்த வாடை எனக்கு மட்டும் சொந்தமில்லை என்பது ஓட்ட ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. பட்டர்வொர்த் மார்க்கெட் வெளியே நிறுத்திவிட்டு மீன் வாங்கி வந்து பார்த்தால், வயதான ஓர் அம்மா மட்கார்டின்மேல் கையை வைத்துக்கொண்டு நிற்கிறார். "எங்க டிரஸ்ஸர் காடி இது" என்றார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிற டிரஸ்ஸரின் கார் என்கிறார். அந்த அம்மாவுக்கு மூத்த பிள்ளை பிறந்த இரவு டவுன் ஆஸ்பத்திரிக்கு இந்த மாதிரிக் காரில்தான் கொண்டுபோனார்களாம். "கண்ணாடி மட்டும் வேற மாதிரி இருந்துச்சுய்யா" என்றார். அது உண்மை. 1956க்கு முந்தைய மைனரில் முன் கண்ணாடி இரண்டு துண்டாக இருக்கும். அந்த வலியிலும் அவர் கண்ணாடியைப் பார்த்திருக்கிறார்.

பாலிக் புலாவுக்கு துன் சார்டோன் மலைச்சாலை வழியாக ஏறுங்கள், டுரியான் காலத்தில். மூன்றாவது கியரில் முனகும், வளைவில் இரண்டாவதுக்கு இறக்க வேண்டும். மேலே போய் இறங்கத் தொடங்கும்போது காலை எடுத்தால் சைலன்சர் பர்ர்ர் என்று குழந்தை வாயால் செய்கிற மாதிரி ஒரு சத்தம் போடும். எல்லா மைனரும் போடும். என் பேத்தி அதற்காகவே வருவாள், ஒவ்வொரு வளைவிலும் கூடவே செய்து காட்டுவாள். அன்றைக்கு நாங்கள் மணிக்கு 40 கிலோமீட்டரில் போகிறோம், பின்னால் ஏழெட்டுக் கார் சேர்ந்துவிடும். ஓரங்கட்டி வழிவிட்டால் ஹாரன் அடிக்காமல் கையை ஆட்டிவிட்டுப் போவார்கள். வேறு எந்தக் காரில் மெதுவாகப் போனாலும் இந்த மரியாதை கிடைக்காது.

பழுதுகூட ஒருவகைச் சுகம்தான், அது புரிகிற பழுது என்பதால். ஒருமுறை பினாங்குப் பாலத்தின் நடு மேட்டில் எஞ்சின் அடங்கிவிட்டது. இடது ஓரத்தில் ஒதுக்கிவிட்டுச் சாவியைத் திருப்பினேன். பெட்ரோல் பம்பின் டிக் டிக் சத்தம் இல்லை. பம்புக்குள் பாயிண்ட் தேய்ந்திருப்பது எனக்குத் தெரியும், அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது என் தப்பு. பானெட்டைத் தூக்கி ஸ்பேனரின் பின்பக்கத்தால் பம்பின் தலையில் இரண்டு தட்டு. டிக், டிக், டிக். பக்கத்தில் லாரிகள் போகப் போகப் பாலமே ஆடுகிறது, கீழே கடல், எனக்கு முகமெல்லாம் சிரிப்பு. மகன் வைத்திருக்கிற காரில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தாலே 300 வெள்ளி.

ஆக, கூரை இருக்கிறதா, வேலைக்குப் போக வேறு வண்டி இருக்கிறதா, ஞாயிறு காலை உங்களுடையதுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றுக்கும் ஆமாம் என்றால் சனிக்கிழமை நிபோங் திபால் போங்கள். காந்தம், டார்ச், கிராண்ட் நகல். அப்புறம் கால் லிட்டர் எஞ்சின் எண்ணெய்.

அங்கே போனதும் பேட்டரியைப் போட்டுச் சாவியைத் திருப்பிப் பார்க்கலாமே என்று கை பரபரக்கும். வேண்டாம். ஆறு வருடத்தில் பிஸ்டன் வளையங்கள் சுவரோடு ஒட்டியிருக்கலாம், ஸ்டார்ட்டரின் வேகத்தில் ஏதாவது முறிந்துவிடும். நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் ஒரு கரண்டி எண்ணெய் விட்டுவிட்டுப் பெரியம்மா வீட்டிலேயே இரவு தங்குங்கள். மறுநாள் காலை முன் பம்பருக்கு நடுவில் உள்ள ஓட்டை வழியாக ஹேண்டலைச் செருகிக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். கட்டை விரலைக் கம்பியைச் சுற்றி மடக்காமல், மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஹேண்டல் பின்னால் சாமான் வைக்கிற பெட்டியின் தட்டுக்கு அடியில், ஸ்பேர் சக்கரத்தோடு கிடக்கும். இல்லாவிட்டால் பெரியம்மாவைக் கேளுங்கள். அநேகமாக அதை அவர் கொல்லைக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருப்பார்.